கேள்வி–பதில்: விமானம் வேலைக்குப் போன 1911

சென்ற இதழின் ‘ஓர் ஆண்டு, ஒரு பக்கம்’ பகுதியில் 1911ஆம் ஆண்டின் விமான நிகழ்வுகளைச் சுருக்கமாகத் தொகுத்திருந்தோம். 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்து காட்டியதற்குப் பிறகும், பல ஆண்டுகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கும் வேடிக்கையாகவே இருந்த விமானத்துக்குத் தபால், போர், கடல், நெடும்பயணம் என்று வேலைகள் வந்துசேர்ந்தது 1911இல்தான் என்பது அந்தக் குறிப்பின் சாரம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலைப்பகுதி வாசகர்கள் எழுதியவை. எனவே இந்த இதழின் கேள்வி–பதில் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

உலகின் முதல் விமானத் தபால் அலகாபாத்தில் பறந்தது என்று எழுதியிருந்தீர்கள். விமானம் பிறந்த அமெரிக்காவிலும் வளர்ந்த பிரான்ஸிலும் நடக்காதது இங்கே எப்படி முதலில் நடந்தது?
*வாசகர், தலைகுந்தா*

ஒரு பொருட்காட்சியும் ஒரு மாணவர் விடுதியின் பணத் தேவையும் ஒரே ஊரில் சேர்ந்துகொண்டதால் நடந்தது. ஐக்கிய மாகாணங்களின் பெரும் பொருட்காட்சி 1910 இறுதியில் அலகாபாத்தில் தொடங்கியபோது, அங்கே பறந்து காட்டுவதற்காக வால்டர் விண்டம் என்ற ஆங்கிலேயர் விமானங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். அவருடன் வந்த விமானிகளுள் ஒருவர் ஹென்றி பெக்கே என்ற 23 வயதுப் பிரெஞ்சு இளைஞர். புதிய விடுதி ஒன்றுக்கு நிதி திரட்டிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பாதிரியார் விண்டமின் உதவியை நாட, விமானத்தில் தபால் அனுப்பி அதற்குத் தனிக் கட்டணம் வசூலிக்கலாம் என்ற யோசனை பிறந்தது. தபால் துறையும் மறுக்காமல் இசைவு தந்து, இதற்கென்றே ஒரு முத்திரையையும் செய்து கொடுத்தது.

1911 பிப்ரவரி 18ஆம் தேதி மாலை, போலோ மைதானத்திலிருந்து சுமார் 6,500 கடிதங்களுடன் கிளம்பிய பெக்கே, யமுனையைக் கடந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நைனியில் 13 நிமிடங்களில் இறங்கினார். விமானம் ஹம்பர் நிறுவனம் கட்டிய இரட்டைத் தட்டு இறக்கை விமானம். எஞ்சின் 50 குதிரைத்திறன். வழக்கமான தபால்தலைக்கு மேல் ஒவ்வொரு கடிதத்துக்கும் 6 அணா வாங்கப்பட்டு, அந்தப் பணம் விடுதிக்குப் போயிற்று. ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பதை நினைவில் வைத்தால், அன்றைய நிலையில் அது சிறிய தொகை அல்ல என்பது விளங்கும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் கடிதங்கள் வானில் போனது 10 கிலோமீட்டர் மட்டுமே. நைனியிலிருந்து எல்லாமே வழக்கம்போல ரயிலிலும் கப்பலிலும் பயணப்பட்டன. அந்தப் பையில் உதகைக்கு முகவரியிட்ட கடிதம் ஒன்று இருந்திருந்தால், அது பல ரயில்கள் மாறி மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து பல்சக்கர ரயிலில் ஏறி மேலே வந்திருக்கும். குன்னூர் வரை 1899இல் வந்த அந்தப் பாதை உதகையைத் தொட்டது 1908இல்தான். நம் ஊரைப் பொறுத்தவரை ரயில் தபாலே அப்போது மூன்றாண்டுப் புதுமை.

1870–71இல் ஜெர்மானியர் பாரிஸை முற்றுகையிட்டபோது பலூன்களில் தபால் வெளியே போயிருக்கிறது. ஆகவே அலகாபாத்துக்குரிய பெருமை, அரசுத் தபால் துறையின் ஒப்புதலோடு விமானத்தில் சென்ற முதல் தபால் என்பதே. அதே ஆண்டு செப்டம்பர் 9இல் லண்டன் ஹெண்டனிலிருந்து விண்ட்ஸருக்கு விமானத் தபால் தொடங்கியது. அங்கும் முன்னின்றவர் இதே விண்டம்தான். செப்டம்பர் 23இல் அமெரிக்காவில் ஏர்ல் ஓவிங்டன் என்பவர் நியூயார்க் அருகே தபால் பையைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு பறந்து, மினியோலா என்ற ஊரின் மேல் வந்ததும் பையைக் கீழே தள்ளிவிட்டார். தரையில் மோதிய வேகத்தில் பை கிழிந்து கடிதங்கள் சிதறின. இறங்கி ஒப்படைத்த பெக்கேயின் முறையே மேல் என்பது எம் கருத்து.

அந்தக் காலத்து விமானங்கள் போலோ மைதானத்திலும் குதிரைப் பந்தயத் திடலிலும் இறங்கின என்றால், நம் உதகைப் பந்தய மைதானத்திலும் ஒன்று இறங்கியிருக்கலாமே? வெள்ளைக்காரர்களின் கோடைத் தலைநகரம் ஆயிற்றே!
*வாசகர், பிங்கர்போஸ்ட், உதகை*

நல்ல கேள்வி. மைதானத்தின் நீளத்தை மட்டும் பார்த்தால் ‘இறங்கலாம்’ என்றுதான் தோன்றும். தடை தரையில் இல்லை, காற்றில் இருக்கிறது.

கடல் மட்டத்திலிருந்து உதகையின் உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டர். இந்த உயரத்தில், வெயில் அடிக்கும் ஒரு பகல் வேளையில், காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைக் காட்டிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. விமானத்துக்கு இதனால் மூன்று வகையில் அடி விழுகிறது. இறக்கை தூக்கிப் பிடிப்பதற்குக் காற்று போதாததால், தரையில் இன்னும் வேகமாக ஓடினால்தான் மேலெழும்ப முடியும். அப்படி வேகமாக ஓட வேண்டிய நேரத்தில் எஞ்சினுக்கும் காற்று போதாமல் அதன் திறன் குறைகிறது; உயரத்துக்கு ஏற்பப் பெட்ரோல் அளவைத் திருத்தாவிட்டால் கலவையும் கெட்டு இன்னும் திணறுகிறது. சமவெளியிலிருந்து வந்த உறவினர் சேரிங்கிராஸிலிருந்து மேடேறும்போது மூச்சு வாங்குவாரே, அந்த நிலைதான். மூன்றாவதாக, முன்னே இழுக்கும் விசிறிக்கும் பிடிப்பதற்குக் காற்று குறைவு. இன்றைய பெரிய எஞ்சின்கள் இதையெல்லாம் ஈடுகட்டிவிடும். ஆனால் மொத்தமே 50 குதிரைத்திறன் உடைய, சமவெளியிலேயே தட்டுத்தடுமாறி எழும்பிய ஒரு விமானத்திடம் ஈடுகட்ட மிச்சம் எதுவும் கிடையாது.

இன்னொன்றையும் பாருங்கள். பந்தய மைதானத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் மேடு. எப்படியோ எழும்பிவிட்டாலும், உடனே செங்குத்தாக ஏறியாக வேண்டும். அந்த விமானங்களோ மெல்ல மெல்ல, வட்டமிட்டு ஏறியவை.

ஆனால் மலைக்கு மேலே பறந்து போவது வேறு செய்தி. 1910 ஜனவரியில்தான் லாத்தாம் என்பவர் முதன்முதலாக 1,000 மீட்டர் உயரத்தை எட்டினார். 1911 செப்டம்பரில் ரோலான் காரோஸ் பிரான்ஸின் கடற்கரையிலிருந்து கிளம்பி 3,910 மீட்டர் ஏறிச் சாதனை படைத்தார். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். ஆகவே அவர் எட்டிய உயரம் நம் சிகரத்துக்கும் மேலே ஒன்றேகால் கிலோமீட்டர். கீழே கடற்கரையின் கனமான காற்றில் எழும்பிவிட்டால், 1911இன் மிகச் சிறந்த விமானத்தால் தொட்டபெட்டாவைத் தாண்டிச் செல்ல முடியும். உதகையில் இறங்கிவிட்டு மறுபடி கிளம்பச் சொன்னால்தான் சிக்கல்.

கோடநாடு காட்சிமுனையில் நின்று பார்க்கும்போது, பருந்துகள் இறக்கையை அசைக்காமலே நெடுநேரம் மிதக்கின்றன. மனிதனுக்கு அது எப்போது கைகூடியது?
*வாசகி, கோத்தகிரி*

அதுவும் 1911இல்தான், அம்மா. சமவெளியிலிருந்து வீசும் காற்று மலைச்சரிவில் மோதியதும் மேல்நோக்கித் திரும்புகிறது. பறவை அந்த மேலெழும் காற்றுக்குள் நின்றுகொண்டு, காற்று ஏறுகிற அளவுக்குத் தான் சறுக்கி இறங்குகிறது. இரண்டும் சமமாகிவிடுவதால் ஒரே இடத்தில் தொங்குவதுபோல நமக்குத் தெரிகிறது. 1911 அக்டோபர் 24ஆம் தேதி ஆர்வில் ரைட், கிட்டிஹாக் அருகே உள்ள மணற்குன்றின் சரிவில் எஞ்சினே இல்லாத ஒரு விமானத்தில், பலத்த எதிர்க்காற்றில், 9 நிமிடம் 45 நொடி இவ்வாறு மிதந்தார். பத்தாண்டுகள் வரை அந்தச் சாதனையை எவரும் மிஞ்சவில்லை.

அவர் அங்கே போனதன் நோக்கம் உண்மையில் வேறு. விமானம் தானாகவே சமநிலையில் நிற்பதற்கான ஒரு கருவியைச் சோதிக்கப் போனவர், பத்திரிகைக்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டதால் அதை வெளியே எடுக்காமலே திரும்பினார். அவர்கள் வராமல் இருந்திருந்தால் கருவி சோதிக்கப்பட்டிருக்கும்; மிதந்த கதை இவ்வளவு பரவியிருக்குமா என்பது சந்தேகமே.

கப்பல்மேல் விமானம் இறங்கியதும் 1911இல்தான் என்கிறீர்கள். ஓடி நிற்பதற்கு இடமில்லாத கப்பலில் எப்படி நிறுத்தினார்கள்?
*முன்னாள் கடற்படை வீரர், குன்னூர்*

கயிறும் மணல் மூட்டையும் கொண்டு. ஜனவரி 18ஆம் தேதி, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த ‘பென்சில்வேனியா’ என்ற போர்க்கப்பலின் பின்பகுதியில் சுமார் 36 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைத் தளம் ஒன்றை அடித்திருந்தார்கள். தளத்தின் குறுக்கே 22 கயிறுகள். ஒவ்வொரு கயிற்றின் இரு முனையிலும் 22 கிலோவுக்கு மேல் எடையுள்ள மணல் மூட்டை ஒன்று. கயிறு பலகையோடு ஒட்டிக் கிடக்காமல் சற்றே உயர்ந்து நிற்கும்படி அடியில் கட்டை கொடுத்திருந்தார்கள். யூஜின் ஈலி என்ற விமானி, விமானத்தின் அடியில் கொக்கிகளை மாட்டிக்கொண்டு, ஒரு குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பி வந்து இறங்கினார். கொக்கிகள் கயிறுகளைப் பற்றியதும், அடுத்தடுத்து மூட்டைகள் இழுபட இழுபட வேகம் தணிந்து, தளம் முடிவதற்குள் விமானம் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து அதே தளத்திலிருந்து எழும்பிக் கரைக்குத் திரும்பினார்.

ஈலிக்கு நீந்தத் தெரியாது. அதனால் சைக்கிள் ட்யூபில் காற்றடைத்து உடம்பில் சுற்றிக்கொண்டு பறந்தார்.

தாங்கள் பணியாற்றிய துறையில் இதன் தொடர்ச்சியைத் தாங்களே அறிவீர்கள். கொச்சியில் கட்டப்பட்ட ‘விக்ராந்த்’ கப்பலில் இறங்கும் போர் விமானமும் வால் கொக்கியால் தளத்தின் குறுக்கேயுள்ள கம்பியைப் பற்றித்தான் நிற்கிறது. மணல் மூட்டையின் இடத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

விமானத்திலிருந்து முதன்முதலில் குண்டு போட்டது யார்? அப்போது அதற்குத் தடை ஏதும் இல்லையா?
*வாசகர், அரவங்காடு*

வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் ஊரிலிருந்து வரவேண்டிய கேள்விதான். துருக்கியிடமிருந்து லிபியாவைப் பறிக்க இத்தாலி அந்த ஆண்டு போர் தொடுத்தபோது, சில விமானங்களையும் கப்பலேற்றி அனுப்பியது. அக்டோபர் 23இல் கார்லோ பியாட்சா என்ற கேப்டன் எதிரிகளின் நிலைகளை வானிலிருந்து உளவு பார்த்துத் திரும்பினார். நவம்பர் 1இல் ஜூலியோ கவோட்டி என்ற இளம் அதிகாரி, திரிபோலியை அடுத்த ஐன் சாரா, தஜூரா ஆகிய இடங்களில் நான்கு குண்டுகளைப் போட்டார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 கிலோ எடையுள்ள எறிகுண்டு. குண்டு தொங்கவிடவோ குறிபார்க்கவோ விமானத்தில் எந்த அமைப்பும் இல்லை. ஒரு கையால் விமானத்தைச் செலுத்திக்கொண்டே மறு கையால் குண்டை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, இறக்கையில் பட்டுவிடாமல் வெளியே வீசினார். இதைத் தம் தந்தைக்குக் கடிதமாகவும் எழுதினார்.

தடை இருந்தது, காகிதத்தில். 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு, பலூன் முதலியவற்றிலிருந்து குண்டெறிவதை ஐந்தாண்டுகளுக்குத் தடை செய்தது. 1907இல் அதைப் புதுப்பித்தபோது பல பெரிய நாடுகள் கையெழுத்திடாமல் ஒதுங்கிக்கொண்டன. அப்படி ஒதுங்கிய நாடுகளில் ஒன்று இத்தாலி. மாநாட்டில் கூடியவர்கள் விமானத்தின் பயனை அதன் உரிமையாளர்களுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலும் அதே ஆண்டு ஜனவரியில், அவுரங்காபாத் பகுதியில் நடந்த படைப்பயிற்சியில் பிரிஸ்டல் நிறுவனத்தின் விமானம் ஒன்று பங்கேற்றது. செஃப்டன் பிராங்கர் என்ற ஆங்கிலப் படை அதிகாரி அதில் ஏறி, ‘எதிரி’ப் படை எங்கே நிற்கிறது என்று பார்த்து வந்து தெரிவித்தார். பியாட்சாவின் உளவுப் பறத்தலுக்கு ஒன்பது மாதங்கள் முந்தியது இது. ஆனால் பயிற்சிதான், போர் அல்ல.

அமெரிக்காவைக் குறுக்கே கடந்த விமானிக்குப் பரிசு கிடைக்கவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். விரிவாகச் சொல்லக் கூடாதா?
*வாசகர், கூடலூர்*

அந்த ஆண்டின் மிகச் சுவையான கதை அது. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு 30 நாட்களுக்குள் பறப்பவருக்கு 50,000 டாலர் என்று பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட் அறிவித்திருந்தார். காது சரியாகக் கேட்காத, ஆறடிக்கு மேல் உயரமான கால் ரோஜர்ஸ் என்பவர் இதில் இறங்கினார். அவர் பறக்கக் கற்றுக்கொண்டதே அதே ஆண்டு ஜூன் மாதத்தில். செலவை ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு அதன் திராட்சைப் பானத்தின் பெயரான ‘வின் ஃபிஸ்’ விமானத்தின் இறக்கையில் எழுதப்பட்டது. பறக்கும் விளம்பரப் பலகை என்ற தொழிலும் ஆக 1911இன் கணக்கில்தான் சேருகிறது.

செப்டம்பர் 17இல் நியூயார்க்கிலிருந்து கிளம்பியவர், மறுநாளே ஒரு மரத்தில் மோதிக் கோழிக் கொட்டகையில் விழுந்தார். கீழே அவருக்காகவே ஒரு தனி ரயில் உடன் வந்துகொண்டிருந்தது. அதில் மனைவி, தாயார், உதிரி பாகங்கள் நிறைந்த பெட்டி, ரைட் சகோதரர்களின் முதல் எஞ்சினைக் கட்டிய சார்லி டெய்லர் என்ற மெக்கானிக் எல்லாரும் இருந்தார்கள். வழி காட்டியதும் தண்டவாளம்தான். விழுவதும், ரயிலை நிறுத்திப் பழுது பார்ப்பதும், மறுபடி பறப்பதுமாக ஒரு டஜனுக்கு மேற்பட்ட விபத்துகளைத் தாண்டி, நவம்பர் 5இல் கலிஃபோர்னியாவின் பசடேனாவை அடைந்தபோது 49 நாட்கள் ஓடியிருந்தன. பரிசு போயிற்று. ஆனாலும் பசிபிக் கடலைத் தொட்டே தீருவேன் என்று மேலும் பறந்தவர், வழியில் விழுந்து கணுக்கால் முறிந்து படுத்து, டிசம்பர் 10இல் லாங் பீச் கடற்கரையில் இறங்கிச் சக்கரங்களை அலையில் நனைத்தார். முதலில் கிளம்பிய விமானத்தின் பாகங்களில் மிகச் சிலவே அப்போது அதில் மிச்சமிருந்தன.

வெறும் பறந்த நேரத்தைக் கூட்டினால் 84 மணி நேரம்கூட ஆகவில்லை. மீதி நாட்களெல்லாம் பழுது பார்ப்பதிலும் வானிலைக்குக் காத்திருப்பதிலும் கழிந்தவை. அந்த விமானம் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1911இல் பெண்கள் யாரும் பறக்கவில்லையா?
*கல்லூரி மாணவி, கொடைக்கானல்*

பறந்தார்கள். உலகிலேயே முதலில் விமானி உரிமம் பெற்ற பெண், பிரான்ஸின் ரேமொண்ட் தெ லாரோஷ், அது 1910. மறு ஆண்டு ஆகஸ்ட் 1இல் அமெரிக்காவின் ஹாரியட் குவிம்பி, அதே மாதம் 29இல் இங்கிலாந்தின் ஹில்டா ஹ்யூலெட், செப்டம்பரில் ஜெர்மனியின் மெல்லி பேஸே என்று வரிசையாக அந்தந்த நாட்டின் முதல் பெண் விமானிகள் உரிமம் பெற்றார்கள். இவர்களில் எமக்கு வியப்பு ஹ்யூலெட்மீதுதான். நாற்பது வயதைக் கடந்தபின் கற்றுக்கொண்டு, ஒரு பறக்கும் பள்ளியை நடத்தி, பெற்ற மகனுக்கும் தாமே விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

அந்த விமானிகளில் முதுமை வரை வாழ்ந்தவர் எவராவது உண்டா?
*பள்ளி மாணவர், லவ்டேல்*

இந்தப் பக்கங்களில் வந்தவர்களையே பார்ப்போம். கப்பலில் இறங்கிய ஈலி, அதே ஆண்டு அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த ஒரு காட்சியில் விழுந்து இறந்தார். ரோஜர்ஸ் 1912 ஏப்ரலில், தாம் வெற்றிகரமாக முடித்த அதே லாங் பீச் அருகே கடலில் விழுந்து இறந்தார். குவிம்பி 1912 ஜூலையில் பாஸ்டன் அருகே, விமானம் திடீரெனத் தலைகுப்புறச் சாய்ந்தபோது இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். பெல்ட் போடும் வழக்கம் அப்போது பரவவில்லை. காரோஸ் 1918இல் போரில் மாண்டார். பறக்காதவர்களுக்கும் பாதுகாப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. 1911 மே 21இல் பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தின் தொடக்கத்தைப் பார்க்க வந்திருந்த பிரெஞ்சுப் போர் அமைச்சர் பெர்த்தோ, தடுமாறி இறங்கிய ஒரு விமானம் மோதி அங்கேயே உயிரிழந்தார். உடன் நின்ற பிரதமர் மோனி படுகாயமடைந்தார்.

தபால் கொண்டுபோன பெக்கேயோ 86 வயது வரை வாழ்ந்து 1974இல் காலமானார்.

எங்கள் தாத்தாவின் தகரப் பெட்டியில், விமானப் படம் போட்ட வட்ட முத்திரையோடு ஒரு பழைய உறை கிடைத்தது. அலகாபாத் தபாலாக இருக்குமா?
*வாசகர், பர்லியார்*

இருக்கலாம்; முதலில் மூன்றைப் பாருங்கள். உண்மையான முத்திரை கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மெஜந்தா நிறத்தில் பெரிதாக இருக்கும். நடுவே மலைகளுக்கு மேல் பறக்கும் விமானம், சுற்றிலும் ஆங்கில எழுத்துகளில் முதல் வான் தபால், அலகாபாத் பொருட்காட்சி, 1911 என்ற விவரங்கள். அடுத்து, தபால்தலையில் இருக்கும் அரசர் யார் என்று பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் உருவம் கொண்ட இந்தியத் தபால்தலைகள் 1911 டிசம்பரில்தான் வெளிவந்தன. ஆகவே பிப்ரவரியில் பறந்த உறையில் தாடி வைத்த ஏழாம் எட்வர்டோ, அவருக்கும் முந்திய விக்டோரியாவோ இருக்க வேண்டும். ஜார்ஜும் தாடிக்காரர்தான் என்பதால், முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் தபால்தலைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மூன்றாவதாக, முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது சின்னஞ்சிறு அச்சுப் புள்ளிகள் தெரிந்தால், அது பிற்காலத்தில் நினைவுக்காக அச்சிட்ட உறை.

மூன்றும் சரியாக இருந்தால், தபால்தலை சேகரிப்பில் பழக்கமுள்ள ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். அதுவரை செல்லோடேப் ஒட்டவோ லேமினேஷன் செய்யவோ வேண்டாம். மழைக்காலத்தில் உங்கள் பக்கத்து ஈரத்தில் பழைய காகிதம் பூசணம் பூத்துவிடும். ஆகவே தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, அமிலமில்லாத காகித உறைக்குள் இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு உலர்ந்த அலமாரியில் வையுங்கள்.